மூன்றாவது கோட்டேஷன்

ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் எனக்கு வேலை. ஆணி வாங்குவதானாலும் சரி, லோரி நிறைய அட்டைப்பெட்டி வாங்குவதானாலும் சரி, மூன்று கோட்டேஷன் இருக்க வேண்டும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விலை என்ன, சரக்கு எப்படி, எப்போது வந்து சேரும் என்று பார்த்து, ஒன்றில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவேன். வருஷக்கணக்காக இதையே செய்ததில் புத்தியும் அப்படியே ஆகிவிட்டது. பாசாரில் மீன் வாங்கப் போனாலும் மூன்று கடை ஏறி இறங்காமல் வாங்க மாட்டேன். "என்னையும் மூணு மாப்பிள்ளையில பார்த்துத்தான் எடுத்தியா?" என்று என் கணவர் கேட்பார். ஆமாம் என்றுதான் சொல்வேன். அவர் லோரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் ஜோகூர் பக்கம் இருப்பதால் வீட்டில் முடிவு எடுப்பது நான்தான்.

மகளின் மேற்படிப்புப் பேச்சு வந்தபோதும் அதே வழிதான். அவள் படிக்க விரும்பியது குடும்ப, நுகர்வோர் அறிவியல். சொந்தக்காரர்களிடம் சொன்னதும் சிரித்தார்கள். "சோறாக்கறதுக்கு ஒரு டிகிரியா லா?" என்று ஒருவர். "கட்டிக் குடுத்தா மாமியாரே ஓசில சொல்லிக் குடுப்பாங்க" என்று இன்னொருவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படிக்கும்போது எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் வாங்கிய மாதமே புகைந்து போயிற்று. கடைக்காரன் கையை விரித்துவிட்டான். இவள்தான் உத்தரவாத அட்டையைப் படித்து, நுகர்வோர் தீர்ப்பாயத்துக்கு மனு எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிப் போட்டாள். விசாரணைக்கு முதல் நாளே புதுக் குக்கர் வீடு தேடி வந்தது. இது சோறாக்கும் படிப்பு மட்டுமல்ல என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குள் என்ன வருகிறது, அது எவ்வளவுக்கு வருகிறது, வந்தபின் அங்கே இருப்பவர்களை என்ன செய்கிறது என்று பார்க்கிற படிப்பு. ஒரு வகையில் என் வேலைதான்.

மூன்று இடம் வந்தது. முதலாவது சிலாங்கூரில் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகம். கட்டணம் குறைவு, ஆனால் ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் என்று பார்த்தால் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். பிள்ளையும் கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பாள். இரண்டாவது கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரி. அவர்கள் கேட்ட தொகைக்கு நாங்கள் வீட்டை விற்றுவிட்டு அந்தக் கல்லூரி வாசலிலேயே குடியிருக்க வேண்டியதுதான். அதை அன்றைக்கே கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது கோப்பெங் பக்கம். சின்னக் கல்லூரி. ஈப்போவில் கடைவீட்டு மாடியில் அலுவலகம். அதை நடத்துபவர் மெதுவாகப் பேசும் மனிதர். எங்கள் மகளின் மதிப்பெண்களைப் பார்த்ததும் அவர் மேசையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இந்தப் பிள்ளைக்கு ஃபீஸ் வேணாங்க. தங்க இடம், சாப்பாடு எல்லாம் எங்களோடது. எங்க வீட்டுல ஒரு இடம் காலியா இருக்கு."

வீடு என்றது மாதிரி இல்லத்தை. மாணவிகள் குடும்பம் நடத்திப் பழகுவதற்காகப் பழைய எஸ்டேட் பங்களா ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார்கள். உதவித்தொகை பெறும் மாணவி முதல் நாளிலிருந்தே அங்கே தங்க வேண்டும். படிப்பு முடிந்ததும் அதே வீட்டில் பொறுப்பாளர் வேலை. "அடுத்த ஆள் வந்து சேர்ற வரைக்கும் இவங்க வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்ல. அத பாண்ட் பத்திரத்துலயே எழுதிக் குடுத்திடுவோம்" என்றார்.

செலவு பூஜ்யம். வேலை நிச்சயம். வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம். மூன்று தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதில் கையெழுத்துப் போடலாம். வலிய வந்த சீதேவியைக் காலால் உதைப்பார்களா? ஆனாலும் சரக்கைப் பார்க்காமல் ஆர்டர் போட்டுப் பழக்கமில்லை. இங்கே படித்து முடித்தவர்கள் யாரையாவது பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"ஒருத்தங்க இருக்காங்க" என்றார். "எப்ப போனாலும் இருப்பாங்க."

அதற்கு முன்னால் முதல் கோட்டேஷனின் சரக்கைப் பார்க்கக் கமுந்திங் போனோம். எங்கள் தொழிற்சாலை கேண்டீனுக்கு அரிசி, சமையல் எண்ணெய் தரும் வியாபாரி சொல்லி அறிமுகமான பெண். அந்த அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இதே டிகிரி படித்தவள். தொழிற்பேட்டையில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளுக்குச் சாப்பாட்டுத் திட்டம் போடுகிறாள். நேப்பாளத்தான் கேட்பது வங்காளத்தானுக்கு இறங்காது, பர்மாக்காரனுக்கு இரண்டுமே ஆகாது, முதலாளிக்கு மூன்றுமே விலை அதிகம். நின்றபடியே எங்களோடு பேசினாள். பேச்சு முழுக்கப் புலம்பல்தான். சம்பளம் பத்தவில்லை, படிப்புக் கடன் இன்னும் தீரவில்லை, இடுப்பு வலிக்கிறது.

"ரொம்ப சுசாலா கா, ஒரே கஷ்டம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற எடத்துக்கு இண்டர்வியூ போயிருக்கேன். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை. 'பரவாயில்லை ரகம்' என்று மனதில் குறித்துக்கொண்டு திரும்பினேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. பிள்ளை பக்கத்திலேயே இருப்பாள் என்ற ஆசை எனக்கும் இருந்தது, அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கோப்பெங் போனோம். டவுனைத் தாண்டி ஒரு கிளைப் பாதை. இரண்டு பக்கமும் பாமாயில் தரும் செம்பனை. அந்த எஸ்டேட்டின் ரப்பர் மரங்களை எப்போதோ வெட்டிவிட்டார்கள். பங்களா இருக்கும் மேட்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு வரிசை மிஞ்சியிருந்தது. யாரும் பால் வெட்டாததால் பட்டையெல்லாம் மூடித் தடித்துப் போய் நின்றன. வெயிலில் ரப்பர் காய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. ஒன்று வெடிக்கும், விதை எங்கோ தகரத்தில் விழும், பிறகு சத்தமே இருக்காது. கல்லூரிக்கு விடுமுறை. காரை நிறுத்தியபோது மனித நடமாட்டமே இல்லை.

நான் பிறந்தது ஈப்போ ஆஸ்பத்திரியில், வளர்ந்தது டவுனில் ஒரு தாமான் குடியிருப்பில். துரை பங்களாவுக்குள் என் வாழ்நாளில் கால் வைத்ததில்லை. முன்வாசல் படிகள் எதிரிலேயே அகலமாக இருந்தன. ஆனாலும் காரை விட்டு இறங்கியதும் என் கால் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்துச் சமையல் குசினியைப் பார்த்துப் போயிற்று. மகளும் கேள்வி கேட்காமல் பின்னாலேயே வந்தாள். அந்தக் காலத்தில் தோட்டக்கூலிகள் துரை வீட்டுக்குப் போன வழி அது என்று பாதி வழியில்தான் உறைத்தது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. திரும்புவதற்குள் குசினிக் கதவு திறந்தே இருப்பதைப் பார்த்தேன். அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்கக்கா" என்றாள். "நம்ம ஆளுங்க எல்லாரும் பின்னாலதான் வருவாங்க. அதான் இங்கயே நிக்கிறேன்."

முப்பது வயதிருக்கும். சுத்தமான பருத்திச் சுடிதார். தலைமுடி ஒன்று கூடக் கலையவில்லை. வலது மணிக்கட்டில் ஒரு கறுப்பு ரப்பர் பட்டை. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கட்டுவார்களே, அது போல. இவள்தான் 'எப்ப போனாலும் இருப்பாங்க' என்று அவர் சொன்ன பட்டதாரி.

வீட்டை எங்களுக்குச் சுற்றிக் காட்டினாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை. தரையில் முகம் பார்க்கலாம். ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு டப்பாவிலும் தேதி ஒட்டியிருந்தது. முன்னறையில் சட்டம் போட்ட குடும்பப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அப்பா, அம்மா, ஒரு பெண், ஒரு கைக்குழந்தை. யார் இவர்கள் என்று கேட்டேன்.

"சட்டம் வாங்கும்போது உள்ளயே இருந்த படம்கா. எடுக்க மனசு வரல."

படுக்கையறை அலமாரியைத் திறந்தாள். ஆண்கள் சட்டை வரிசையாகத் தொங்கியது. துவைக்கவும் இஸ்திரி போடவும் மாணவிகள் பழகுவதற்காக வாங்கியவை. வாரா வாரம் துவைப்பார்களாம். நான் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். காலர் இற்று நூல் வெளியே வந்திருந்தது. எந்த உடம்பிலும் ஏறாத சட்டை, துவைத்துத் துவைத்தே கிழிந்து போயிருந்தது. கையை எடுத்துவிட்டேன். எதற்கென்று தெரியாமல் என் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையில் நாலு தட்டுகள் இருந்தன. நாங்கள் வருவதற்காக வைத்தவை அல்ல, தினமும் வைப்பாளாம். உட்காரப் போன என்னை மெதுவாகத் தடுத்து, "அது அப்பாவோட எடம்கா. நீங்க இதுல ஒக்காருங்க" என்று வேறு நாற்காலியைக் காட்டினாள். பிறகு என் மகளைப் பார்த்தாள். "இது மகளோட நாற்காலி. ஒக்காரும்மா."

சோறு, கத்திரிக்காய்ப் பிரட்டல், கானாங்கெளுத்திக் குழம்பு. ருசியாகத்தான் இருந்தது. நாலு தட்டிலும் பரிமாறினாள். நாங்கள் இருவர் சாப்பிட, மற்ற இரண்டு தட்டுகளிலும் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நீயும் உட்கார் என்றேன். அவள் நாற்காலிகளைப் பார்த்தாள். நாலுதான் இருந்தன. நாலும் யாருக்கோ உரியவை. "நான் அப்பறம் சாப்புட்டுக்குவேன்கா" என்று சுவரோரம் நின்றுகொண்டாள். திவசத்துக்கு இலை போட்டுப் படைத்துவிட்டு, படைத்தவர்கள் கண்ணெதிரே செத்தவர்களே வந்து உட்கார்ந்து சாப்பிட்டால் எப்படி இருக்கும்? நாங்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்.

உள்ளறையில் குழந்தை அழுதது.

என் மகள் எழுந்தேவிட்டாள். எனக்கும் பெற்றவள் காது, நிஜக் குழந்தை என்றே எடுத்துக்கொண்டது. அந்தப் பெண் அதற்குள் உள்ளே ஓடியிருந்தாள். அவ்வளவு நிதானமானவள் ஓடியதைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. குழந்தை வளர்ப்புப் பாடத்துக்கான பொம்மை அது. நிஜக் குழந்தை மாதிரியே அழும். பால், துணி மாற்றுவது, தோளில் போடுவது, அந்தந்த நேரத்துக்கு எது வேண்டுமோ அதைச் செய்தால்தான் அடங்கும். மணிக்கட்டில் இருக்கும் பட்டையை அதன் நெஞ்சில் காட்டாவிட்டால், தூக்கியவர் யார் என்று அதற்குத் தெரியாது.

தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அதன் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தது. கையில் கருவளை. பொட்டு அன்று காலை வைத்தது. மை ஈரம் காயாமல் மினுங்கியது.

"லீவுல அணைச்சு வெக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வெக்கலாம்தான். ஆனா அழுதா எவ்ளோ நேரத்துல தூக்கறேன்னு ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகும்கா. அதான் என் வேல."

"அந்தப் பொட்டு?"

பொம்மையின் தலையைப் பிடித்திருந்த அவள் கை கொஞ்சம் இறுகியது. சுவரில் எடை அட்டை ஒட்டியிருந்தது. கிளினிக்கில் தருவார்களே, மாதா மாதம் புள்ளி வைத்துக் கோடு இழுப்பது. கோடு அட்டையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஏறாமல் இறங்காமல் போய், அடுத்த அட்டையிலும் தொடர்ந்தது. எத்தனை அட்டைகள் என்று எண்ண எனக்குத் தைரியமில்லை.

பொம்மை இன்னும் சிணுங்கிக்கொண்டிருந்தது. "நான் வாங்கட்டுமாக்கா?" என்று என் மகள் கேட்டாள். அந்தப் பெண் தன் பட்டையைக் கழற்றி மகள் மணிக்கட்டில் போட்டு அழுத்தினாள். கொக்கி 'டக்'கென்று விழுந்தது. மகள் பொம்மையை வாங்கி, தலையைத் தாங்கி, தோளில் சாய்த்து முதுகைத் தட்டினாள். அழுகை நின்றது. இவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வீடே அவளை ஏற்றுக்கொண்ட மாதிரி ஓர் அமைதி. வெளியே ஒரு ரப்பர் காய் வெடித்தது.

அந்தப் பெண் வெறும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே என் மகளைப் பார்த்தாள். பட்டை இருந்த இடம் வெயில் படாத வெளுப்பாகத் தெரிந்தது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. பல நாள் தேடிய சரக்கு கையில் கிடைத்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"கழட்டு" என்றேன் மகளிடம்.

"ம்மா, இப்பதான் தூங்குது."

"கழட்டுன்னு சொல்றேன்ல."

கொக்கி திறக்கவில்லை. நான் இழுத்ததில் மகளின் தோல் சிவந்தது. அந்தப் பெண் வந்து ஓர் ஓரத்தை அழுத்தினாள், கழன்றது. அதைத் தன் கையிலேயே திரும்ப மாட்டிக்கொண்டாள். அவசரமில்லாமல், கண்ணாடி போட்டுக்கொள்பவர்கள் போல.

மகள்தான் கேட்டாள். "நீங்க எப்பக்கா வேற வேலைக்குப் போவீங்க?"

"அடுத்த ஆள் வந்து சேர்ற வரைக்கும் போக முடியாதும்மா" என்றாள் அவள். "பாண்ட்ல அப்பிடித்தான் இருக்கு. நடுவுல போனா படிச்ச செலவு மொத்தமும் கட்டணும். எங்கப்பா வீட்ட ஜாமீன் வெச்சிருக்காரு. அவரும் அம்மாவும் அதுலதான் இருக்காங்க."

அலுவலகத்தில் அந்த மனிதர் சொன்ன அதே வரிதான். அவர் சொன்னபோது அதை வேலைக்கு உத்தரவாதம் என்று வாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷம் ஒப்பந்தங்களைப் படித்தவள், விற்பவன் பக்கம் நின்று அந்த வரியைப் படிக்கவில்லை. ஆளுக்கு ஆள் வந்தால்தான் கதவு திறக்கும். அவர் வீட்டில் காலியாக இருந்த இடம் இதுதான்.

கிளம்பினோம். இந்தத் தடவை முன்வாசல் வழியாகவே என் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். அவள் படியிறங்கித் திரும்பி, எப்போதும் எல்லா வீட்டிலும் சொல்வது போல, "போயிட்டு வாரேங்கா" என்றாள்.

இதற்குப் பதில் என்னவென்று நம்மில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிரியாக இருந்தாலும் 'போயிட்டு வா' என்றுதான் வாய் சொல்லும். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் போவோம், அவர்களும் வா என்று சொல்ல மாட்டார்கள்.

"போம்மா" என்றாள் அந்தப் பெண். "வராத."

என் பிள்ளையைப் பார்த்து ஒருத்தி அப்படிச் சொன்னதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன பேச்சு இது? வளர்ற பிள்ளைகிட்ட இப்பிடியா சொல்றது?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "உங்க பிள்ள வந்து சேர்ந்தா அன்னைக்கே நான் எங்க வீட்டுக்குப் போயிடலாம்கா. ஒவ்வொருத்தரும் பாக்க வரும்போது, இன்னைக்குச் சொல்லக் கூடாது, வாய மூடிட்டு இருக்கணும்னுதான் நெனப்பேன். வாசல்ல நின்னு போயிட்டு வாரேன்னு சொல்லுவாங்க. அப்பத் தானா வந்துடுது."

உள்ளே பொம்மை அழத் தொடங்கியது. அவள் திரும்பி ஓடினாள். நாங்கள் காருக்குப் போகும்போது அழுகை நின்றுவிட்டது. பாட்டுச் சத்தம் மெலிதாகக் கேட்டது. தாலாட்டுத்தான். யாருக்குத் தாலாட்டு என்று நினைத்தபோது, அந்த வெயிலிலும் என் கையில் மயிர் கூச்செறிந்தது.

செம்பனைத் தோட்டத்தைத் தாண்டினோம். பிறகு என் மகள் சொன்னதுதான் அந்த நாளிலேயே என்னை அதிகம் பயப்படுத்தியது.

"நான் சேர்ந்துக்கறேன்மா."

காரை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"பாவம்மா அவங்க. யாராச்சும் வந்தாத்தானே போக முடியும். நான் கொஞ்ச வருஷம் இருக்கேன். நமக்கும் செலவில்ல. அப்பறம் அந்த பாண்ட என்னன்னு நானே பாக்குறேன், ரைஸ் குக்கர் மாதிரி."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அழுகிற குழந்தையிடம் எழுந்து ஓடினாளே, அதே முகம். அவளை அப்படி வளர்த்தது நான்தான், அதில் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த வீட்டுக்குத் தேவையும் அப்படிப்பட்ட பிள்ளைதான். கல்நெஞ்சுக்காரி அங்கே ஒரு நாள் தங்க மாட்டாள். இரக்கமுள்ளவள்தான் மாட்டிக்கொள்வாள்.

"ஒன்ன அங்க வுடமாட்டேன்" என்றேன். "அந்தப் பொண்ணு பாவந்தான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்கு நீ வெல இல்ல."

அவள் அழுதாள். நானும் அழுதேன். திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். "நல்லா யோசிச்சுக்குங்க. அவசரமில்ல. எடம் காலியாத்தான் இருக்கும்" என்றார் அந்த மெதுவான குரல்காரர். அந்தப் பெண்ணை வெளியே எடுக்க வழி உண்டா என்று தெரிந்த வக்கீல் ஒருவரிடமும் கேட்டுப் பார்த்தேன். வயது வந்தவள் படித்துப் பார்த்துப் போட்ட கையெழுத்து, அவளே முன்வந்தால்தான் எதுவும் செய்யலாம் என்றார். மகள் அவள் போன் எண்ணைத் தேடிப் பிடித்துப் போட்ட செய்திகளுக்கு ஒரே ஒரு பதில் வந்தது. எங்கள் அப்பா வீட்டில் நிம்மதியாக இருக்கிறார், எதுவும் செய்துவிடாதீர்கள் என்று.

மகள் சிலாங்கூருக்குப் போனாள். கடன் வாங்கித்தான் படிக்கிறாள். ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்கிறாள், அறைத்தோழி குறட்டை விடுகிறாள் என்கிறாள், பஸ் டிக்கெட் ஏறிவிட்டது என்கிறாள். கமுந்திங் பெண் புலம்பியது போலவே புலம்புகிறாள். கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருக்கிறது. கமுந்திங்காரி இண்டர்வியூ போன கதையைச் சொல்லிச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பின் விலை இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. நாளைக்கு வேறு இடம் போகலாம் என்று தெரிந்தவள்தான் அப்படிச் சிரிக்க முடியும்.

போன வாரம் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சிலிம் ரிவரிலிருந்து என் அண்ணி கூப்பிட்டார். அண்ணன் இறந்தபின் தையல் தைத்து ஒரே பெண்ணைப் படிக்க வைக்கிறவர். நல்ல பிள்ளை. நான் போனால் கேட்காமலே என் காலைப் பிடித்துவிடுவாள்.

"அவளும் அந்தக் குடும்பப் படிப்புதான் படிக்கணுங்கறா. கோப்பெங்ல ஒரு காலேஜாம், செலவே இல்லியாம், வேலையும் நிச்சயமாம். நீ போய்ப் பாத்தேன்னு ஒன் பொண்ணு சொல்லிச்சு, மேல ஒண்ணும் சொல்லல. எப்பிடி இருக்கு எடம்?"

அப்போதுதான் தெரிந்தது, அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை என்று. அந்தப் பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

நல்ல இடம் அண்ணி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த மாத முடிவில் அவள் தன் அப்பா வீட்டுக்குப் போய்விடுவாள். அண்ணிக்கும் செலவில்லை. அண்ணன் மகள் கெட்டிக்காரி, சமாளித்துவிடுவாள் என்று என் மனசு பேரம் பேசியது. நிஜமாகவே பேசியது. ஒரு பக்கம் ஒருத்தி, இன்னொரு பக்கம் ஒருத்தி என்று நிறுத்திப் பார்த்தேன்.

"வேணாம் அண்ணி" என்றேன். "அங்க அனுப்பாதீங்க."

"ஏன்?"

போனில் சொல்ல முயன்றேன். சட்டை, பொம்மை, பொட்டு. சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரப் பேச்சாகக் கேட்டது.

"ஒன் பிள்ளைய மட்டும் பெரிய யூனிவர்சிட்டிக்கு அனுப்பிட்டே. என் பிள்ளைக்குச் சும்மா கெடைக்கறதும் ஒனக்குப் பொறுக்கல" என்றார் அண்ணி. குரல் உடைந்திருந்தது. "சரி. நீ சொன்னா அனுப்பல." வைத்துவிட்டார்.

சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்நேரம் அங்கேயும் நாலு தட்டில் சோறு போட்டுவிட்டு அவள் சுவரோரம் நின்றிருப்பாள். அண்ணன் மகளைக் காப்பாற்றினேன் என்று எனக்குத் தோன்றவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தவள் போலத்தான் இருந்தது.